பழைய டாஸ் பில்லிங் மென்பொருள் ஏன் அவ்வளவு வேகம்?

மார்த்தாண்டத்தில் உங்கள் ரப்பர் ஷீட் கடையில் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதிய பில்லிங் சட்டென்று ஓடியது, புதுக் கணினியில் புது மென்பொருள் ஏன் திணறுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

விண்டோஸுக்கு முன் இருந்த இயங்குதளமான டாஸின் எழுத்துத் திரை 80 எழுத்து அகலம், 25 வரி. நிறத்தையும் சேர்த்து முழுத் திரைக்கும் 4,000 பைட் போதும். இன்றைய 1920-க்கு 1080 திரைக்குச் சுமார் 8 எம்பி வேண்டும். அதோடு, எலக்ட்ரான் என்ற நிரல் கட்டமைப்பில் கட்டிய மென்பொருள் தனக்குள் ஒரு குரோமியம் உலாவியையே (குரோமின் அடிப்படை) சுமந்து வருகிறது. பில் போட உலாவி எதற்கு? எழுதுபவருக்கு வேலை சுலபம், சுமையெல்லாம் கடைக்காரரின் ரேமுக்கு. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. அப்புறம், பழையதில் விவரமெல்லாம் அதே ஹார்ட் டிஸ்கில் டிபிஎஃப் கோப்பாக (ஃபாக்ஸ்ப்ரோவின் அட்டவணைக் கோப்பு) இருந்தது. இப்போது அது தொலைதூர சர்வரில் இருந்தால், ஒவ்வொரு தேடலும் அங்கே போய்த் திரும்ப வேண்டும். மழையில் இணையம் போனால் பில்லும் நிற்கும்.

சரி, பழையதையே வைத்துக்கொள்ளலாமா? 64 பிட் விண்டோஸில் டாஸ் நிரல் நேரடியாக ஓடாது, டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் போன்ற நிரல் வேண்டும். 2017 ஜூலையில் வந்த ஜிஎஸ்டிக்கு ஏற்ப மாற்ற, ஃபாக்ஸ்ப்ரோ தெரிந்தவரும் மூல நிரலும் கிடைக்க வேண்டும். அதனால், விவரத்தைக் கடைக் கணினியிலேயே வைத்து, மவுஸ் தொடாமல் பில் போடவிடும் மென்பொருளாகத் தேடுங்கள். வாங்கும் முன் இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒரு பில் போட்டுப் பாருங்கள்.