நோய் அடங்கியிருக்கிறது, ஆனால் ஏன் இந்தச் சோர்வு?

கேள்வி: என் கணவருக்கு வயது 76. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டதால், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி போட்டு வருகிறோம். இந்த நோயின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையின் அளவு நன்றாகக் குறைந்திருப்பதாக மருத்துவர் சொல்கிறார். அவரோ நாளெல்லாம் சோர்ந்து கிடக்கிறார். நள்ளிரவில் பனியன் நனைய வியர்த்து எழுந்து உட்காருகிறார். சின்ன விஷயத்துக்கும் கண் கலங்குகிறார். நோய் முற்றுகிறதா? அவரை நடக்கச் சொல்லலாமா?

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும் பெரும்பாலும் ஊசியின் விளைவுகளே. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைக் கொண்டுதான் இந்தப் புற்றுநோய் வளர்கிறது என்பதை 1941-ல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் நிறுவினார். அந்த ஹார்மோன் சுரப்பதை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிடுவதே உங்கள் கணவர் போட்டுக்கொள்ளும் ஊசியின் வேலை. மாதவிடாய் நின்ற காலத்தில் பெண்கள் படும் உடல் வெப்பமும் வியர்வையும் மனக்கலக்கமும் இப்போது அவருக்கு வந்திருக்கின்றன. நீங்களும் அப்படி அவதிப்பட்டிருந்தால், அதை அவரிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். தாம் கோழையாகிவிட்டோமோ என்று தமக்குள் குமையும் மனிதருக்கு அது பெரிய ஆறுதல். ஊசியை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். வியர்வைக்கு மருந்து உண்டு. சோர்வுக்கு இரத்தசோகையும் காரணமாக இருக்கலாம் என்பதால், அதற்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். கண்ணீர் வாரக்கணக்கில் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

நடக்கட்டும், அவசியம் நடக்கட்டும். ஊசி தசையையும் எலும்பையும் மெலிவிப்பதால், படுத்தே இருப்பதுதான் அவருக்கு அதிகக் கெடுதல். ஆனால் எந்த எலும்பு பலவீனமாக இருக்கிறது என்பதை ஸ்கேன் பார்த்த மருத்துவரிடம் கேட்டறிந்து, பிசியோதெரபிஸ்ட் வகுத்துத் தரும் பயிற்சியையே செய்யட்டும். பாரம் தூக்குவதும் சட்டென்று உடலைத் திருப்புவதும் வேண்டாம். எலும்பை வலுப்படுத்தும் ஊசி தரப்போவதாக இருந்தால், அதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அந்த மருந்தால் தாடை எலும்பு பாதிக்கப்படுவது அரிதென்றாலும், வந்தால் ஆறுவது கடினம்.

நான் உங்களை உண்மையில் எச்சரிக்க விரும்புவது முதுகைப் பற்றி. புதிதாக முதுகுவலி தோன்றி, படுத்தாலோ இருமினாலோ கூடினாலும், மார்பைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கியதுபோல் வலித்தாலும், கால் தளர்ந்தாலும், செருப்பு கழன்றதே தெரியாத அளவுக்குப் பாதம் மரத்துப் போனாலும், சிறுநீர் அடைத்துக்கொண்டாலும், முதுகெலும்பில் பரவிய புற்றால் தண்டுவடம் நசுங்குகிறது என்றே எண்ணி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கால்களில் வலு இருக்கும்போதே சிகிச்சை தொடங்கியவர்களே பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள். இரவு இரண்டு மணியானாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.