வாசகர் கேள்வி: இயற்பியல் படித்தவருக்குப் புற்றுநோய் மருத்துவமனையில் என்ன வேலை?

கேள்வி: பி.எஸ்ஸி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். அடுத்து மருத்துவ இயற்பியல் படிக்க ஆசை. கதிர்வீச்சு என்றாலே வீட்டில் பயப்படுகிறார்கள். எங்கே படிக்கலாம்? வெளிநாட்டு வேலைக்கு இப்படிப்பு உதவுமா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: புற்றுநோய்க் கட்டியைக் கதிர்வீச்சால் அழிக்கும் சிகிச்சையில், எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர்வீச்சு என்று முடிவு செய்பவர் மருத்துவர். அந்த அளவு கட்டியில் சரியாகச் சேரவும், அருகிலுள்ள இதயம், நுரையீரல் போன்றவை தப்பவும் கணினியில் திட்டம் வகுப்பதும், இயந்திரம் திட்டப்படியே கதிரைத் தருகிறதா என்று அளந்து பார்ப்பதும் மருத்துவ இயற்பியலாளரின் வேலை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உடலுக்கு உள்ளிருந்து சிகிச்சை தரப் பயன்படும் இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள், அதாவது அதன் வீரியம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 74 நாள்தான். ஆகவே இன்று ஐந்து நிமிடத்தில் முடிகிற அதே சிகிச்சைக்கு 74 நாள் கழித்துப் பத்து நிமிடம் வேண்டும். இத்தகைய கணக்கில் ஒரு தசமப்புள்ளி இடம் மாறினாலும் பாதிக்கப்படுபவர் நோயாளி என்பதால், ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்ப்பது இத்துறையின் வழக்கம். சரிபார்க்கப்படுவதை அவமானமாக எண்ணுபவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது.

படிக்க இரண்டு வழிகள் உண்டு. சென்னை அண்ணா பல்கலைக்கழகம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் எம்.எஸ்ஸி. மருத்துவ இயற்பியலில் நேராகச் சேரலாம். அல்லது எம்.எஸ்ஸி. இயற்பியலை முடித்துவிட்டு, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் 1962 முதல் நடத்திவரும் ஓராண்டு டிப்ளமோவுக்கு முயலலாம். இதில் போட்டி அதிகம்.

பட்டத்தோடு வேலை முடிந்துவிடாது. கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறையில் இயற்பியலாளராகப் பணியாற்ற, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, வசதிகள் நிறைந்த சிகிச்சைத் துறை ஒன்றில் 12 மாதப் பயிற்சியும் வேண்டும். எனவே கட்டணத்தையும் விடுதியையும் விசாரிப்பதற்கு முன்பு, அந்தப் பயிற்சிக்குக் கல்லூரியே இடம் வாங்கித் தருகிறதா, எந்த மருத்துவமனையில், உதவித்தொகை உண்டா என்று விசாரியுங்கள். "அதை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் கல்லூரியை நான் பரிந்துரைக்க மாட்டேன். பணியில் சேர்ந்தபின், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஆவதற்கான தேர்வையும் தள்ளிப்போடாமல் எழுதிவிடுங்கள். அந்தப் பொறுப்பில் வாரியம் ஒப்புதல் தந்த ஒருவர் இல்லாமல் சிகிச்சைக் கூடம் இயங்க முடியாது என்பதால் அதற்கு எப்போதும் மதிப்பு உண்டு.

வீட்டாரின் பயத்துக்கு வருவோம். கதிர் பாயும் நேரத்தில் தடித்த கான்கிரீட் சுவருக்குள் நோயாளி மட்டுமே இருப்பார். ஊழியர்கள் வெளியே கேமரா வழியாகக் கவனிப்பார்கள். பணியாளர் ஒருவர் பெற அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பெற்ற கதிர்வீச்சைப் பதிவு செய்ய சட்டையில் அணியும் டி.எல்.டி. பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பி இதைக் கண்காணிக்கிறார்கள்.

வெளிநாடு என்றால் நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவில் கதிரியக்கவியல் வாரியத்தின் சான்றிதழ் பெற, அங்கீகரிக்கப்பட்ட உறைவிடப் பயிற்சி (ரெசிடென்சி) 2014 முதல் கட்டாயம். நம் ஊர் எம்.எஸ்ஸி. மட்டும் அதற்குப் போதாது. அங்கே போகும் எண்ணம் உறுதியாக இருந்தால், மறுபடியும் படிக்க ஆகும் செலவையும் ஆண்டுகளையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.