கொழுப்பு அளவோடு இருந்தும் மாத்திரை ஏன்?

கேள்வி: என் தந்தைக்கு வயது 58. நாள்பட்ட சிறுநீரக நோய் மூன்றாம் நிலையில் உள்ளது, டயாலிசிஸ் இல்லை. எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு 98, இரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 260. கெட்ட கொழுப்பு அளவோடு இருக்கும்போது கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எதற்கு?
– வாசகி, மதுரை

பதில்: 98 என்ற எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கொழுப்பு இரத்தத்தில் தனியாகக் கரையாது. லிப்போபுரோட்டீன் என்னும் துகள்களில் புரதத்தோடு சேர்ந்தே பயணம் செய்கிறது. சிறுநீரகம் பழுதுபடும்போது, டிரைகிளிசரைடு நிறைந்த துகள்களைச் சிதைக்கும் நொதி மந்தமாகி அவை இரத்தத்திலேயே தேங்குகின்றன. நல்ல கொழுப்பான எச்டிஎல் குறைகிறது. எல்டிஎல்லோ, மொத்த அளவு கூடாமலேயே, இரத்தக் குழாய்ச் சுவருக்குள் எளிதில் நுழையும் சிறிய, அடர்ந்த துகள்களாக மாறிவிடக்கூடும். உங்கள் தந்தையின் டிரைகிளிசரைடு 260 இருப்பது இந்தப் போக்கோடு ஒத்துப்போகிறது.

சிறுநீரக நோயாளிகளுக்கு மாரடைப்பு அபாயம் மிகுதி. ஆகவேதான் 50 வயதை எட்டிய, டயாலிசிஸ் தேவைப்படாத நோயாளிகளுக்கு, எல்டிஎல் எவ்வளவு இருந்தாலும் ஸ்டாட்டின் தரும்படி, சிறுநீரக நோய்களுக்கான சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான கேடிகோ 2013இல் பரிந்துரைத்தது. 2011இல் வெளியான ஷார்ப் ஆய்வில், சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினும், கொழுப்பைக் குறைக்கும் மற்றொரு மருந்தான எசெடிமைபும் சேர்த்துப் பெற்ற சிறுநீரக நோயாளிகளிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகள் 17 சதவீதம் குறைந்தன. ஆனால் அம்மருந்துகள் சிறுநீரகப் பழுதின் வேகத்தைக் குறைக்கவில்லை. அந்த எதிர்பார்ப்பு வேண்டாம். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு ஸ்டாட்டினைப் புதிதாக ஆரம்பிப்பதால் தெளிவான பலன் தெரியவில்லை என்பதால், இப்போது தொடங்குவதே முறை. கடும் தசைவலி வந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.