ஜெபிக்க முடியாத குருவானவர்

அன்புள்ள ஐயா,

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமத்துச் சபையைச் சேர்ந்தவன் நான். எங்கள் குருவானவர் மனைவியை இழந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. போன மாதம் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்தி, "மூணு மாசமா எனக்கு ஜெபம் வரல. உங்க வீட்டுக்கு வந்து ஜெபிக்கிறப்போ வாய்தான் சொல்லுது. எனக்காக நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றார். நடவு வேலைக்குப் போகும் ஒரு பாட்டி பெண்கள் பக்கமிருந்து எழுந்து போய், அங்கி போட்டிருந்தவரின் தலையில் கை வைத்து ஜெபித்தார். சபைச் சங்கத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "மேய்ப்பனே உடைஞ்சு போனா ஆடுங்க சிதறிடாதா?" என்கிறார்கள். மாற்றல் கேட்டுப் பேராயருக்கு எழுதப் போகிறார்கள். என்னிடமும் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

போட வேண்டாம்.

மேய்ப்பனும் சிதறும் ஆடுகளும் மத்தேயு 26ஆம் அதிகாரத்தில் வருகிறார்கள். அந்த வசனத்தைச் சொன்ன கொஞ்ச நேரத்திலேயே, அதே அதிகாரத்தில், கெத்செமனேயில் இயேசு மூன்று சீஷர்களிடம், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்" என்கிறார். தன்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களிடம், அதுவும் தூங்கிவிடப் போகிறவர்களிடம், துணை கேட்கிறார். பவுலும் அப்படித்தான். பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்று கொரிந்து சபைக்கு எழுதி, உங்கள் ஜெபம் எங்களுக்கு உதவி என்கிறார். உங்கள் குருவானவர் செய்தது இதைத்தானே?

நம் சபைகளில் தாழ்மையான பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. "புழுவும் பூச்சியுமான அடியேன்" என்றுதான் பலருக்கு ஜெபமே தொடங்கும். அதே ஆளிடம் காணிக்கைக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறிவிடும். அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே என்ற வசனம் வந்துவிடும். எனக்கு அந்தத் தாழ்மையில் நம்பிக்கை இல்லை. நம் ஊரில் குருவானவர்தான் பிறர் தலையில் கை வைப்பார். நடவுக்குப் போகும் ஒரு பாட்டி தன் தலையில் கை வைக்க, அவர் குனிந்து கொடுத்திருக்கிறார். இதை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

உங்களுக்குப் பக்கத்துத் தரங்கம்பாடியில் 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க்கும் போதிக்கத்தான் வந்தார். ஆனால் தமிழ் தெரியாது. வயதான வாத்தியார் ஒருவரை வரவழைத்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பிறகு 1708இல் தரங்கம்பாடியின் டேனிஷ் தளபதி அவரைச் சிறையில் போட்டார்; சுமார் நான்கு மாதம் உள்ளே இருந்தார். அவர் தமிழில் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அச்சில் வந்தது இதற்கெல்லாம் பின்னால்தான். தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகள் முன்னால் காட்டிக்கொண்டதால் அவருக்கு மரியாதை குறைந்துவிடவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் பிரசங்க பீடத்தில் கொட்டலாம் என்று சொல்லவில்லை. பிறர் நம்பிச் சொன்ன ரகசியம் அங்கே வரக் கூடாது. தப்பில் மாட்டிக்கொண்டு, ஒரு ஞாயிறு அழுதுவிட்டு, அடுத்த ஞாயிறே மைக்கைப் பிடிப்பதும் வேறு சங்கதி. அங்கே பொறுப்பிலிருந்து இறங்கத்தான் வேண்டும். உங்கள் குருவானவர் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. துக்கத்தில் இருக்கிறார், அவ்வளவுதான்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? சங்கத்தார் வேறொரு கடிதம் எழுதட்டும், ஒரு மாத விடுப்புக் கேட்டு. குருவானவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஆராதனை நடத்தட்டும். திருவிருந்துக்குப் பக்கத்துச் சேகரத்து (பக்கத்துச் சபைகளின்) குருவானவரை அழைக்கலாம். மாதக்கணக்கில் மனம் இப்படி இருந்தால் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவர் போவதாக இருந்தால் நீங்களே துணைக்குப் போங்கள். தனியாக இருக்கிற மனுஷர் ராத்திரி என்ன சாப்பிடுகிறார் என்று யாராவது பார்த்தீர்களா? அப்புறம், கையெழுத்துப் போட்டவர்களிடம் கோபப்படாமல் பேசுங்கள். அவர்களுக்கும் உள்ளே பயம்தான். முதலில் சங்கத்துச் செயலரைப் போய்ப் பாருங்கள், கடிதம் தபாலில் சேர்வதற்குள்.