கேற்றில் என்எஃப்சி ரீடர்: பெட்டிக்கு முன் ரிலேயைக் கவனியுங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக எங்கள் வீடு. இரும்புக் கேற்றுக்கு நானே ஒரு என்எஃப்சி ரீடர் (அட்டையை அருகில் பிடித்தால் வாசிக்கும் கருவி) செய்திருக்கிறேன். வைஃபை உள்ள சிறு கணினிப் பலகையான ஈஎஸ்பி32, அட்டையை வாசிக்கும் பிஎன்532 மொடியூல், பூட்டை இயக்கும் மின் சுவிட்சான ரிலே மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. வீட்டுக் கருவிகளை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளுடன் இணைத்துள்ளேன். மேசையில் நன்றாக வேலை செய்கிறது. கேற்றில் பொருத்தினால் அட்டையை ஒட்டிப் பிடித்தாலும் வாசிப்பதில்லை. மழைக்குத் தண்ணீர் புகாத ஐபி67 தரப் பெட்டி வாங்கலாமா? விலை அதிகமாகச் சொல்கிறார்கள்.

பதில்: பெட்டியை வாங்குவதற்கு முன், ரிலேயை அதிலிருந்து கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். இப்போதுள்ள அமைப்பில் உங்கள் கேற்றைத் திறக்க அட்டையே தேவையில்லை. பெட்டியின் நான்கு திருகாணிகளைக் கழற்றி, ரிலேக்குப் போகும் இரண்டு வயர்களை ஒன்றோடொன்று தொட வைத்தால் போதும், பூட்டு திறந்துவிடும். தண்ணீர் புகாத பெட்டி கள்வனைத் தடுக்காது. வெளியே இருக்க வேண்டியது அட்டையை வாசிக்கும் பகுதி மட்டுமே. எந்த அட்டையை அனுமதிப்பது என்று தீர்மானிப்பதும் பூட்டை இயக்குவதும் சுவருக்கு உள்ளே நடக்க வேண்டும்.

அப்படியானால் பிஎன்532 மொடியூலை மட்டும் வெளியே வைத்து நீண்ட வயர் இழுக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்த மொடியூலை ஈஎஸ்பி32உடன் இணைக்கும் ஐ2சி இணைப்பு, ஒரே பலகைக்குள் இருக்கும் சில்லுகள் பேசிக்கொள்வதற்காக உருவானது. பல மீற்றர் வயரில் அது தடுமாறும். ஈஎஸ்பி32ஐயும் சேர்த்து வெளியே வைத்தால் இன்னொரு ஆபத்து உண்டு. நீங்கள் தனியாகக் குறியாக்கம் செய்யாவிட்டால், அதைக் கழற்றிச் செல்பவர் உங்கள் வைஃபை கடவுச்சொல்லை அதன் நினைவகத்திலிருந்து எடுத்துவிடலாம்.

ஆகவே வீதியைப் பார்த்திருக்கும் கேற்றுக்கு என் சிபாரிசு இதுதான்: ரீடரை மட்டும் ஆயத்தமாக வாங்குங்கள். வீகாண்ட் இணைப்புள்ள (அட்டை இலக்கத்தை வயர் வழியே உள்ளே அனுப்பும் முறை), 13.56 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும், உட்பகுதி முழுவதும் எப்பொக்சி ஊற்றி அடைக்கப்பட்ட ரீடர்கள் கிடைக்கின்றன. வீகாண்ட் தரவு வயர்கள் 100 மீற்றருக்கு மேலும் போகும். உள்ளே உங்கள் ஈஎஸ்பி32 அப்படியே இருக்கட்டும். அதை ஹோம் அசிஸ்டன்டுடன் இணைக்கும் ஈஎஸ்பிஹோம் மென்பொருள் வீகாண்டைப் புரிந்துகொள்ளும். ரீடரின் தரவு வயர்கள் 5 வோல்ட் தரக்கூடும், ஈஎஸ்பி32 ஏற்பது 3.3 வோல்ட். இடையில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் சிறு மொடியூலை மறக்க வேண்டாம். நீங்கள் எழுதிய நிரல் வீணாகாது, மழையோடு போராடும் வேலை மட்டும் உங்களை விட்டுப் போகும்.

கேற்றில் வாசிக்காததற்குக் காரணம் இரும்பு. என்எஃப்சி அன்டெனா உண்டாக்கும் காந்தப்புலம் பின்னாலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை ஏற்படுத்துகிறது. அது புலத்தைப் பலவீனப்படுத்தி, அன்டெனாவின் இசைவையும் குலைத்துவிடும். பக்கத்திலுள்ள சீமெந்துத் தூணில் பொருத்துங்கள். கேற்றில்தான் வைக்க வேண்டும் என்றால் அன்டெனாவுக்குப் பின்னால், காந்தப்புலம் இரும்பை அடையாமல் தடுக்கும் பெரைட் தாள் ஒட்டி, இரும்பிலிருந்து சில சென்ரிமீற்றர் தள்ளி நிறுத்துங்கள்.

நானேதான் முழுவதையும் செய்வேன் என்று நீங்கள் சொன்னால், அந்த ஆர்வம் எனக்குப் புரிகிறது, மதிக்கிறேன். பொருட்களையாவது சரியாக வாங்குங்கள். ஐபி67 என்றால் 1 மீற்றர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது பொருள். வாசல் தூண் தண்ணீரில் மூழ்குவதில்லை. எத்திசையிலிருந்தும் பீய்ச்சப்படும் நீரைத் தாங்கும் ஐபி65 போதும். அந்த இலக்கங்கள் வெயிலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். சாதாரண ஏபிஎஸ் பிளாஸ்டிக் சில காலத்தில் மஞ்சளாகி வெடிப்பு விழும். முப்பரிமாண அச்சில் எடுப்பதாக இருந்தால் வெயிலைத் தாங்கும் ஏஎஸ்ஏ பிளாஸ்டிக்கைக் கேளுங்கள். அச்சுக்குப் பொதுவாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகை செல்சியஸை நெருங்கும்போதே இளகும். மதிய வெயிலில் மூடிய பெட்டிக்கு அது நம்பத்தக்கதல்ல.

பெட்டியை இறுக்க மூடினால் தண்ணீர் வராது என்று பலர் நம்புகிறார்கள். கொழும்பில் நடப்பது வேறு. வெயிலில் உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிந்து வெளியேறுகிறது. திடீரென மழை கொட்டும்போது பெட்டி குளிர்ந்து, ரப்பர் வளையத்தின் ஓரமாக ஈரக் காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த ஈரம் பலகையில் துளிகளாகப் படியும். வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும். அதனால் பெட்டியின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை இட்டு, எறும்பு புகாதபடி மெல்லிய வலை ஒட்டுங்கள். வயரும் அடியிலிருந்தே நுழையட்டும். நுழைவதற்கு முன் அதைக் கீழே வளைத்து விட்டால் வயர் வழியே ஓடிவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

வெள்ளவத்தையில் உப்புக்காற்றுத்தான் பெரிய எதிரி. செருகும் வகை வயர்களின் முனை பச்சை பூத்துவிடும். நேரடியாக ஈயப்பற்று வையுங்கள். பலகைக்கு அக்ரிலிக் பாதுகாப்புப் பூச்சு அடியுங்கள். இடைவெளிகளை அடைக்கச் சிலிக்கன் வாங்கும்போது வினாகிரி மணம் வருவதை வாங்க வேண்டாம்: அது காயும்போது வெளிவரும் அசற்றிக் அமிலம் செம்பை அரிக்கும். குழாயில் ‘நியூட்ரல்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

அட்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். உங்கள் ரீடர் அட்டையின் அடையாள இலக்கத்தை மட்டும் பார்க்கிறது என்றால், அதே இலக்கத்தை எழுதிய போலி அட்டையையும் ஏற்றுக்கொள்ளும். பரவலாகப் பயன்படும் மைபெயார் கிளாசிக் வகை அட்டையின் குறியாக்கம் 2008ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டுவிட்டது. டெஸ்பயர் வகை அட்டைகள் வலுவானவை, ஆனால் இலக்கத்தை மட்டும் சரிபார்க்கும் நிரலுக்கு அந்த வலு பயன்படாது, விலைதான் கூடும். வீகாண்ட் ரீடரிலும் பெரும்பாலும் இதே நிலைதான். எனவே இந்த வசதி வெளிக் கேற்றோடு நிற்கட்டும். வீட்டுக் கதவுக்குச் சாவிப் பூட்டு தொடரட்டும்.

மின்தடையையும் சோதித்துப் பாருங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். காந்தப் பூட்டு அந்த நேரத்தில் தானாகத் திறந்துவிடும். மின்சாரம் வந்தால் மட்டும் திறக்கும் வகைப் பூட்டையும், உள்ளிருந்து கையால் திறக்கும் வழியையும் தெரிவுசெய்யுங்கள். மின்சாரம் திரும்பும் கணத்தில் ஈஎஸ்பி32இன் சில பின்கள் ரிலேயை ஒரு தரம் இயக்கிவிடும். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு, பூட்டு திறக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்வி: புறக்கோட்டையில் ‘என்எஃப்சி’ என்று சொல்லி விற்ற டேக்குகளை (சில்லு உள்ள சிறு வில்லைகளை) வாங்கினேன். கைபேசியிலும் வாசிக்கவில்லை, ரீடரிலும் வாசிக்கவில்லை. விற்ற பொருளைத் திரும்ப எடுக்க முடியாது என்கிறார் கடைக்காரர். (வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: உங்களுக்குக் கொடுத்தது பெரும்பாலும் 125 கிலோஹேர்ட்ஸ் டேக்காக இருக்கும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் என்எஃப்சி 13.56 மெகாஹேர்ட்ஸில் மட்டுமே இயங்குகிறது. அடுத்த முறை பணம் கொடுப்பதற்கு முன் என்எஃப்சி உள்ள கைபேசியை டேக்கின் மேல் வைத்துப் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பற்றுச்சீட்டில் ‘என்எஃப்சி’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. சொல்லி விற்றதற்கு மாறான பொருளைக் கொடுப்பது பற்றி முறையிட, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இடமளிக்கிறது. முதலில் கடையில் பண்பாகக் கேளுங்கள். பல கடைகள் மாற்றிக் கொடுத்துவிடும். மறுத்தால் அந்த அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துவிட்டு, பற்றுச்சீட்டின் பிரதியுடன் முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். வாங்கி 3 மாதம் கடக்கவிட வேண்டாம்.