எலும்பு தேய்ந்தால் புற்றுநோய் திரும்பிவிட்டதா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 69. புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருடம் ஹார்மோன் ஊசியும் போட்டார்கள். ஊசியை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. பி.எஸ்.ஏ. (ரத்தத்தில் பார்க்கும் புராஸ்டேட் புரத அளவு) 0.1-லிருந்து 0.4 ஆகியிருக்கிறது. டெக்ஸா ஸ்கேனில் இடுப்பெலும்பு டி-ஸ்கோர் (இளவயது ஆரோக்கிய எலும்போடு ஒப்பிட்ட மதிப்பெண்) மைனஸ் 2.7. நோய் எலும்புக்கு வந்துவிட்டது என்கிறார்கள் உறவினர்கள். கால்சியம் மாத்திரை போதுமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இரண்டு ரிப்போர்ட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். டெக்ஸா, எலும்பின் அடர்த்தியை அளப்பது. புற்றுநோயைத் தேடும் சோதனை அல்ல. சொல்லப்போனால், புராஸ்டேட் புற்றுநோய் எலும்பில் பரவினால் பெரும்பாலும் அந்த இடம் கெட்டிப்படும். முதுகெலும்பில் அடர்த்தி கூடியதுபோலக்கூடக் காட்டும். அப்பாவுக்குக் குறைந்ததற்கு முக்கிய சந்தேகம் ஊசி மேல்தான். அது டெஸ்டோஸ்டிரோனை அடக்குகிறது; எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் ஆண்களுக்கு அதிலிருந்துதான் உருவாகிறது. ஊசி ஆரம்பிக்கும்போதே டெக்ஸா எடுத்திருக்க வேண்டும். பலருக்கு எடுப்பதில்லை.

நோய் திரும்பியதா என்பதற்கு பி.எஸ்.ஏ.தான் முதல் சாட்சி. கதிர்வீச்சுக்குப் பிறகு இறங்கிய மிகக் குறைந்த அளவிலிருந்து 2 கூடினால்தான் திரும்பியதாகக் கணக்கு. அப்பாவுக்கு அந்த எல்லை 2.1; இப்போது இருப்பது 0.4தான். ஊசி நின்று டெஸ்டோஸ்டிரோன் மீளும்போது பி.எஸ்.ஏ. கொஞ்சம் ஏறுவது சகஜம். மூன்று மாதம் கழித்து அதே லேபில் டெஸ்டோஸ்டிரோனும் சேர்த்துப் பாருங்கள். வேகமாக ஏறினால், நோய் எங்கே இருக்கிறது என்று தேட டாக்டர் போன் ஸ்கேனோ பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேனோ எழுதுவார்.

டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. கால்சியம் மட்டும் போதாது. ஒரு நாளைக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து 1,000 முதல் 1,200 மில்லிகிராம் போதும். 200 மில்லி பாலில் சுமார் 240. கேழ்வரகுக் கூழும், காசிமேட்டு நெத்திலியை முள்ளோடு தின்பதும் கணக்கில் சேரும். மிச்சத்துக்கு மட்டும் மாத்திரை, சாப்பாட்டோடு. தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது. நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். 60,000 யூனிட் வைட்டமின் டி வாரத்துக்கு ஒன்றுதான், அதுவும் டாக்டர் சொல்லும் வாரங்களுக்கு மட்டும். தினமும் விழுங்கி ரத்தத்தில் கால்சியம் ஏறிப்போய் வருகிறவர்கள் உண்டு.

எலும்பு தேய்வதைத் தடுக்க, வருடம் ஒருமுறை சொலெட்ரோனிக் அமில டிரிப் அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு டெனோசுமாப் ஊசி பற்றிக் கேளுங்கள். அதற்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை), கால்சியம், வைட்டமின் டி பார்க்க வேண்டும். பல் பிடுங்குவதாக இருந்தால் முதலிலேயே முடித்து ஆறவிடுங்கள். பிறகு பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் அழுகும். டெனோசுமாப்பைத் தவணை தவறவிட்டால் முதுகெலும்பு வரிசையாக நொறுங்கக்கூடும்.

20 லிட்டர் தண்ணீர் கேனை அப்பா குனிந்து தூக்க வேண்டாம். படுத்தாலும் குறையாத முதுகுவலி, கால் மரத்துப்போவது, சிறுநீர் அடைப்பு – இதில் எது வந்தாலும் அடுத்த ஓ.பி. நாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். தண்டுவடம் நசுங்கினால் சில மணி நேரத் தாமதத்திலேயே கால் செயலிழந்துபோகலாம்.