கதிரை அடுக்கும் வேலை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதிவிட்டு பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச கிளினிக் வைக்கிறார்கள். டவுனிலிருந்து டொக்டர்மாரும் மருத்துவபீடத்து அண்ணாமார், அக்காமாரும் வருவார்கள். நானும் தொண்டராகப் போகிறேன். ஆனால் எனக்குக் கிடைப்பது கதிரை அடுக்குவதும் பெயர் எழுதுவதும் நிறை பார்ப்பதும்தான். பிரசர் பார்க்கக்கூட விடுவதில்லை. இதெல்லாம் முகநூலில் படம் போட நடக்கும் கூத்து என்று என் சிநேகிதி சொல்கிறாள். இன்னொரு பக்கம் ஊர்ச் சனம் என்னை 'டொக்டர் பிள்ளை' ஆக்கிவிட்டு, வீட்டுக்கே குளிசையைக் கொண்டுவந்து காட்டி என்ன செய்வது என்று கேட்கிறார்கள். நான் இதில் தொடர்ந்து இருப்பதா, விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போவதா?

ஒரு வாசகி,
கொக்கட்டிச்சோலைப் பக்கம்

அன்புள்ள தங்கச்சி,

கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு அதற்கு இடைஞ்சல் இல்லை. சரி, மற்றதைப் பேசுவோம்.

உங்கள் சிநேகிதி சொல்வதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். படத்துக்காக நடக்கும் முகாம்கள் உண்டு. பின்னால் பதாகை, முன்னால் ஒரு வயதான அம்மாவின் கையில் மருந்துப் பை, பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு சிரிக்கிற ஆட்கள். அந்த அம்மாவிடம் படம் எடுக்கலாமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் கிளினிக்கிலும் அப்படி நடந்தால் ஏற்பாட்டாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள், நோயாளியின் முகம் வேண்டாம் என்று. சின்ன ஊர் உங்களுடையது, யாருக்கு என்ன வருத்தம் என்று படத்தைப் பார்த்தே கதை கட்டுவார்கள். பதிவுக் கொப்பியில் நீங்கள் எழுதுவதும் அப்படித்தான், அது உங்கள் அம்மாவின் காதுக்குக்கூடப் போகக்கூடாது.

ஆனால் படம் எடுக்கிறார்கள் என்பதற்காக முழுக் கிளினிக்கும் கூத்து ஆகிவிடாது. வேறொரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். அரச ஆசுபத்திரியில் காசு வாங்காத நாட்டில் இலவச கிளினிக் எதற்கு? வெளிநாடுகளில் இப்படிப்பட்ட கிளினிக்குகள் டொக்டருக்குக் கொடுக்கக் காசு இல்லாதவர்களுக்காக நடக்கின்றன. அமெரிக்காவில் காப்புறுதி இல்லாதவர்கள் வருவார்கள், மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் அங்கே தொண்டு செய்ததை விண்ணப்பத்திலும் எழுதுவார்கள். இங்கே நீங்கள் எத்தனை ஞாயிறு போனாலும் பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கும் இசட் புள்ளி அசையாது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம், நீங்கள் போவது அந்தக் கணக்குக்காக இல்லை என்பது உறுதியாகிறதே.

நம் பக்கத்தில் குறைவாக இருப்பது நேரமும் பஸ்ஸும்தான். தாந்தாமலைப் பக்கமிருந்து ஒருவர் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போவதென்றால் விடியற்காலையில் எழும்ப வேண்டும், வரிசையில் இருக்க வேண்டும், அன்றைய கூலி போய்விடும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு எவ்வளவோ இலேசு. அதற்கு முதல் பாதையில் (மிதவைப் படகில்) ஏறித்தான் வாவியின் மறுகரையான எழுவான்கரைக்கு வர வேண்டியிருந்தது என்பது உங்கள் அப்பாவைக் கேட்டால் தெரியும். ஆனாலும் சீனி வருத்தக்காரர் ஒருவர் மாதம் தவறாமல் ஒரு நாள் கூலியை விடுவாரா? இரண்டு மாதம் போவார், மூன்றாம் மாதம் வெட்டுக் காலம் வந்துவிடும், அதோடு நின்றுவிடுவார். உடம்பில் ஒன்றும் நோகவில்லையே, பிறகு ஏன் போவது என்பார். சீனியும் பிரசரும் நோகாமல்தான் ஆளைக் கெடுக்கும்.

உங்கள் கிளினிக் வர வேண்டிய இடம் இதுதான். அதற்காக ஆசுபத்திரிக்குப் பதிலாக அது நிற்க முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் சனம் தங்கியிருந்தபோது நானும் உங்களைப்போல ஒரு மாணவியாகப் பதிவு மேசையில் இருந்தேன். வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் மருத்துவக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, நல்ல மனதோடுதான் வந்தார்கள், ஆனால் ஒரு குழு கொடுத்தது மற்றக் குழுவுக்குத் தெரியாது. ஒரு பெத்தம்மா தன் பையைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரே பிரசர் குளிசை மூன்று கம்பெனிப் பெயரில் இருந்தது, மூன்றையும் போட்டுக்கொண்டிருந்தார். அதைக் கண்டுபிடித்தது டொக்டர் இல்லை, மேசையில் இருந்த என் சிநேகிதி. அவள் செய்தது ஒன்றுதான்: "வேற என்ன குளிசை போடுறீங்க, எல்லாத்தையும் காட்டுங்க" என்று கேட்டாள்.

ஆகவே பெயர் எழுதும்போது பெயரோடு நிற்காதீர்கள். கிளினிக் கொப்பி இருக்கிறதா, கடைசியாக எந்த ஆசுபத்திரிக்கு எப்போது போனீர்கள், காலையில் என்ன குளிசை போட்டீர்கள், சாப்பிட்டீர்களா? இந்தக் கடைசிக் கேள்வியை விடவே கூடாது. இரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், சிலர் சீனிக் குளிசையை மட்டும் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்து வெயிலில் இருப்பார்கள். வியர்த்து, கை நடுங்கி, கதை தடுமாறும். சீனி 70க்குக் கீழே இறங்கினால் அப்படி வரும். வரிசையில் அதை முதலில் காணக்கூடியவர் நீங்கள். உடனே உள்ளே கூட்டிப்போங்கள், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் சீனித் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள்.

பிரசர் பார்க்கவிடவில்லை என்ற கவலைக்கும் இதே பதில்தான். வெயிலில் நடந்து வந்தவரை இருந்த உடனேயே கையில் பட்டி கட்டினால் காட்டுவது அவர் நடந்த நடையைத்தான். ஐந்து நிமிடமாவது சாய்ந்து இருக்க வேண்டும், கால் நிலத்தில் பட வேண்டும், காலுக்கு மேல் கால் போடக்கூடாது, சலம் முட்டிக்கொண்டு இருக்கக்கூடாது, கதைக்கக்கூடாது. அதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் தேத்தண்ணியோ புகையிலை வைத்த வெற்றிலையோ இல்லாமல் இருக்க வேண்டும் (நம் ஆட்களிடம் கடைசியைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்). இவ்வளவையும் பார்ப்பது யார்? கதிரை அடுக்குபவர். சாய்மானம் உள்ள கதிரைகளை மட்டும் பிரசர் மேசைக்குப் பக்கத்தில் போடுங்கள், வாங்கு வேண்டாம். விரலில் குத்திச் சீனி பார்க்கும் இடத்துக்குப் போகுமுன் கை கழுவ ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் வையுங்கள். மாம்பழம் சாப்பிட்ட விரலைக் குத்தினால் மெசின் கூட்டித்தான் காட்டும். குத்துவதை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள், அது தாதியின் வேலை.

பிறகு, நான் முக்கியம் என்று நினைப்பது கிளினிக் முடிந்த பிறகு நடப்பது. டொக்டர் துண்டு எழுதிக்கொடுப்பார், ஆசுபத்திரிக்குப் போங்கள் என்பார். டவுன் வாகனம் போய்விடும். அந்தத் துண்டு சட்டைப் பையில் மடிந்து கிடக்கும். அவர் போனாரா என்று கேட்க ஊரில் இருப்பவர் நீங்கள் ஒருத்திதான், வந்த டொக்டர்மாரால் அது முடியாது. ஒரு கொப்பி போடுங்கள்: யாருக்குத் துண்டு கொடுத்தது, எந்த ஆசுபத்திரிக்கு, எந்தக் கிழமை, போனாரா. போகாவிட்டால் ஏன் என்று கேட்டு எழுதுங்கள். பஸ் காசா, கூட்டிப்போக ஆள் இல்லையா, பயமா. அந்தக் காரணங்களை அடுத்த மாதம் ஏற்பாட்டாளர் முன்னால் வையுங்கள். மருந்துப் பைக்குச் செலவழிக்கும் காசில் கொஞ்சத்தை பஸ் காசுக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம், நான் என்றால் கேட்பேன்.

உங்கள் ஊருக்குக் குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவமாது) வருவாரே, அவரையும் கையில் பிடியுங்கள். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து இந்த நாட்டில் வீட்டு வாசல்வரை வந்தது அந்த வலையமைப்புத்தான். எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். கிளினிக்குக்கு வராத ஆட்களை அவரிடம் கேட்டால் சொல்வார்.

இனி வீட்டுக்கு வரும் சனம். நீங்கள் டொக்டர் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள், அலுத்தாலும் சொல்லுங்கள். இதைப் போடு, அதை நிறுத்து என்று ஒரு வார்த்தை வேண்டாம். உறையில் எழுதியிருப்பதை வாசித்துக்காட்டலாம், குழப்பமாக இருந்தால் குளிசையையும் கொப்பியையும் ஒரு பையில் போட்டு கிட்ட உள்ள ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லலாம். நெஞ்சு நோவு, ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போவது, வாய் கோணுவது என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள், அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

காய்ச்சல் என்று வயல்காரர் யாராவது வந்தால் மட்டும் கொஞ்சம் பயப்படுங்கள். போன முறை மிஞ்சின அன்ரிபயட்டிக் இருக்கிறது, போடவா என்று கேட்பார்கள். வேண்டாம், ஆசுபத்திரிக்கு அனுப்புங்கள், வயலில் நின்றதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். வயல் சேற்றில் தொற்றும் எலிக்காய்ச்சலாக இருந்தால், அது சிறுநீரகத்தைப் பிடித்த பிறகு போனால் கஷ்டம். சேற்றில் இறங்கும் காலத்துக்கு முதலே வாரம் ஒருதரம் போடும் தடுப்புக் குளிசையை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு வாங்கலாம், பி.எச்.ஐமார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) இதற்குப் பொறுப்பு. பெரும்போக விதைப்புக்கு முந்திய கிளினிக்குக்கு உங்கள் பி.எச்.ஐயையும் கூப்பிடும்படி ஏற்பாட்டாளரிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்றால், அந்த ஒரு மாதத்துக்குக் கிளினிக்கை வேலை நாளுக்கு மாற்றக் கேளுங்கள்.